நீக்கிய எஸ்எம்எஸ்ஸைத் திரும்ப எடுக்க முடியுமா? (சாம்சங், ஆண்ட்ராய்டு 13, ரூட் இல்லை)

வாடகைவீடு_72 கேட்டது:

போன் சாம்சங் கேலக்ஸி ஏ வரிசை. ஆண்ட்ராய்டு 13. ரூட் (போனின் முழு உள் அனுமதியைத் திறப்பது) செய்யவில்லை, பூட்லோடரை (போனைத் துவக்கும் மென்பொருள்) தொடவில்லை. மெசேஜுக்கு கூகுள் மெசேஜஸ் ஆப்.

வீட்டு ஓனருடன் இருந்த முழு எஸ்எம்எஸ் உரையாடலும் போன வாரம் அழிந்துவிட்டது. அட்வான்ஸ் ரூ.1,50,000 பெற்றுக்கொண்டதாக அவர் அனுப்பிய மெசேஜ் அதில்தான் இருந்தது. பாதி வங்கி வழியாகவும் பாதி ரொக்கமாகவும் கொடுத்த பணம். இப்போது காலி செய்யும்போது ரொக்கப் பகுதியை அவர் மறுக்கிறார். வாட்ஸ்அப் இல்லை, எல்லாம் சாதாரண எஸ்எம்எஸ்தான்.

கேள்விகள்:
1. கம்ப்யூட்டரில் போட்டு மீட்கும் சாஃப்ட்வேர் எது நம்பகமானது? ரூ.3,000 கட்டினால் கிடைக்கும் என்று ஒன்று சொல்கிறது. இலவசப் பதிப்பு ஸ்கேன் செய்து 1,400 மெசேஜ் கண்டுபிடித்ததாகக் காட்டுகிறது.
2. கடையில் ரூட் செய்து எடுத்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?
3. சிம் கம்பெனியில் கேட்டால் தருவார்களா?

---

சர்வீஸ்_மேசை:

பணம் கட்டாதீங்க, ரூட்டுக்கும் கொடுக்காதீங்க. காரணத்தை அப்புறம் பார்ப்போம். இப்பவே செய்ய வேண்டியது ஒண்ணு இருக்கு: போனை ஏர்ப்ளேன் மோடில் போடுங்க, வைஃபை ஆஃபில் இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. கூகுள் பேக்கப் தானாவே ஓடும், சார்ஜில் போட்டு வைஃபையோட ராத்திரி சும்மா கிடக்கிற நேரத்தில். புதுசு ஓடினா பழைய பேக்கப் மேலேயே எழுதிடும். உரையாடல் இருந்த கடைசி நகல் அப்படித்தான் போகும்.

இதில் பலர் மாட்டிக்கிற இடம்: பேக்கப் ஓடாம இருக்கட்டும்னு பேக்கப் சுவிட்சையே ஆஃப் பண்ணிடறாங்க. அதை ஆஃப் பண்ணும்போது சில பதிப்புகளில் 'சர்வரில் உள்ள நகல்களையும் அழிக்கவா'ன்னு கேட்கும். யோசிக்காம ஓகே அழுத்தினா முடிஞ்சது. சுவிட்சைத் தொடாதீங்க, நெட்டை மட்டும் துண்டிச்சா போதும்.

அடுத்து, உண்மையிலேயே அழிஞ்சதான்னு பாருங்க. கூகுள் மெசேஜஸில் உரையாடலைப் பக்கவாட்டில் தள்ளினா டீஃபால்ட்டா ஆர்க்கைவுக்குத்தான் போகும், டெலீட் ஆகாது. மேலே புரொஃபைல் படத்தைத் தொட்டு ஆர்க்கைவ்டு, அதே பட்டியலில் ஸ்பேம் அண்ட் பிளாக்டு, ரெண்டையும் திறந்து பாருங்க. ஓனர் நம்பரை எப்பவாவது பிளாக் பண்ணியிருந்தா உரையாடல் ரெண்டாவதில் கிடக்கும். 'அழிஞ்சுபோச்சு'ன்னு வர்ற கேஸில் கணிசமானது இங்கேயே முடிஞ்சிடும்.

சாம்சங்கோட சொந்த மெசேஜ் ஆப் போனில் இருந்தா அதையும் திறந்து, மூணு புள்ளி மெனுவில் ரீசைக்கிள் பின் பாருங்க. அங்கே 30 நாள் இருக்கும். ஆனா சாம்சங் ஆப்புக்குள்ளிருந்து அழிச்சது மட்டும்தான் அந்தத் தொட்டியில் விழும். கூகுள் ஆப்பில் அழிச்சது விழாது.

இதெல்லாம் இல்லைன்னா அடுத்த படி பேக்கப் தேதி. அதை இந்த போனில் பார்க்காதீங்க. வேற போனில் உங்க கூகுள் கணக்கோட டிரைவ் ஆப்பைத் திறந்து, இடது மெனுவில் பேக்கப்ஸ் போங்க. உங்க சாம்சங் பேரைத் தொட்டா, எஸ்எம்எஸ் கடைசியா எப்போ பேக்கப் ஆச்சுன்னு தனியா தேதி காட்டும். மெசேஜ் அழிஞ்ச நாளுக்கு முந்தின தேதின்னா அதிர்ஷ்டம். பிந்தின தேதின்னா அந்தக் கதவு மூடிடுச்சு. தினமும் வைஃபை வீட்டில் இருக்கிற போன்னா பெரும்பாலும் மூடித்தான் இருக்கும், அதையும் சொல்லிடறேன்.

சாம்சங் கணக்கு போட்டிருந்தா இன்னொரு வாய்ப்பு இருக்கு. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் அண்ட் பேக்கப், ரீஸ்டோர் டேட்டா. அங்கே மெசேஜஸ் பேக்கப் இருந்தா போனை ரீசெட் பண்ணாமலே மெசேஜை மட்டும் டிக் செஞ்சு இறக்கலாம். இதுக்கு மட்டும் கொஞ்ச நேரம் நெட் வேணும். கூகுள் பேக்கப் தேதியைப் பார்த்து முடிவு பண்ணின பிறகு இதுக்கு வாங்க. போனை சார்ஜில் போடாம, கையில் வெச்சுக்கிட்டே செய்யுங்க.

கம்ப்யூட்டரில் எப்பவாவது ஸ்மார்ட் ஸ்விட்ச் வழியா பேக்கப் எடுத்த ஞாபகம் இருந்தா, டாகுமெண்ட்ஸ் ஃபோல்டருக்குள் சாம்சங், அதுக்குள் ஸ்மார்ட்ஸ்விட்ச் பாருங்க. புது போன் வாங்கும்போது டேட்டா மாத்தின பழைய போன் வீட்டில் கிடந்தா அதையும் ஆன் பண்ணிப் பாருங்க. மாத்தும்போது பழைய போனிலிருந்து எதுவும் அழியாது, நகல்தான் போகும்.

---

பைட்_கணக்கு:

சாஃப்ட்வேர் ஏன் வேலைக்கு ஆகாது என்பதை நான் எழுதுகிறேன். 'அழித்தது மெமரியில் அப்படியே இருக்கும், மேலே வேறு எழுதும்வரை எடுக்கலாம்' என்ற பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய போன்களுக்கு அது சரி. இப்போதைய போனில் மூன்று இடத்தில் அது உடைகிறது.

ஆண்ட்ராய்டில் எஸ்எம்எஸ் எல்லாம் எம்எம்எஸ்எஸ்எம்எஸ்.டிபி என்ற ஒரே எஸ்கியூலைட் தரவுத்தளக் கோப்பில் இருக்கின்றன. மெசேஜ்களைச் சேமிக்கும் ஆண்ட்ராய்டின் உள்பகுதியான டெலிஃபோனி புரொவைடரின் தனி அடைவுக்குள் அந்தக் கோப்பு கிடக்கிறது. ரூட் இல்லாமல் எந்த ஆப்பாலும், யூஎஸ்பி வழியாக எந்தக் கம்ப்யூட்டராலும் அதைத் திறக்க முடியாது. அப்படியானால் உங்கள் சாஃப்ட்வேர் காட்டிய 1,400 எங்கிருந்து வந்தது? அது ஒரு சின்ன ஆப்பை போனில் போட்டு, எஸ்எம்எஸ் அனுமதி வாங்கி, இப்போது இன்பாக்ஸில் இருக்கும் மெசேஜ்களை எண்ணிக் காட்டுகிறது. அழியாதவைதான் அவை. இன்பாக்ஸில் மொத்தம் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள், அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வரும்.

இரண்டாவது, கோப்பே கைக்கு வந்தாலும் உள்ளே மிச்சம் இருக்காது. எஸ்கியூலைட் இயல்பாக ஒரு வரிசையை நீக்கும்போது அந்த இடத்தைக் 'காலி' என்று குறித்துவிட்டுப் பழைய எழுத்துகளை அப்படியே விட்டுவைக்கும். பழைய மீட்பு வித்தை முழுக்க இதன் மேல்தான் நின்றது. புதிய ஆண்ட்ராய்டுகளில் எஸ்கியூலைட்டைத் தொகுக்கும்போதே செக்யூர் டெலீட் இயக்கப்பட்டிருக்கிறது, அதனால் நீக்கிய இடத்தில் சுழியங்கள் எழுதப்படுகின்றன. ஆட்டோ வேக்யூமும் இயக்கத்தில் இருப்பதால், முழுதாகக் காலியான பக்கங்கள் கோப்பின் கடைசிக்குத் தள்ளப்பட்டு வெட்டப்படுகின்றன. எஸ்கியூலைட்டின் ரிகவர் கட்டளை தேடுவது அந்தக் காலிப் பக்கங்களைத்தான். இங்கே அவையே இல்லை. கோப்புக்கு அருகில் வால் (WAL) என்ற துணைக் கோப்பு இருந்தால் அதில் சில பழைய பக்கங்கள் கொஞ்ச நேரம் தங்கும். அதில் உள்ளதை டிபிக்குள் சேர்க்கும் அடுத்த செக்பாயிண்ட்டுக்குப் பிறகு அதுவும் மேலெழுதப்படும், ஒரு வாரமெல்லாம் தாங்காது.

மூன்றாவது, குறியாக்கம். ஆண்ட்ராய்டு 10 முதல் புதிதாக வெளியான போன்களில் கோப்புவாரிக் குறியாக்கம் கட்டாயம். சாவி போனின் பாதுகாப்புச் சில்லுடன் கட்டப்பட்டது. மெமரி சிப்பைக் கழற்றித் தனியாகப் படித்தால் குப்பைதான் வரும். இதற்கும் மேல், போன் சும்மா இருக்கும் நேரத்தில் டிரிம் ஓடி, காலியான பிளாக்குகளைச் சேமிப்பகமே துடைத்துவிடுகிறது.

ரூட் செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாம்சங்கில் ரூட் என்றால் முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்த மறுகணம் போன் ஃபேக்டரி ரீசெட் ஆகி, குறியாக்கச் சாவிகளும் அழியும். சாம்சங்கின் பாதுகாப்பு அடையாளமான நாக்ஸ் ஃப்யூஸும் எரியும், அதைத் திருப்ப முடியாது. கடைக்காரர் உங்கள் இன்பாக்ஸைத் தேடுவதற்கு முன்பே அதை அழித்திருப்பார். ஏற்கெனவே ரூட் ஆன போனில் மட்டுமே இந்தப் பேச்சுக்குக் கொஞ்சமாவது அர்த்தம் உண்டு. அங்கும் டிபி, அதன் துணைக் கோப்புகளான வால், ஜர்னல் என மூன்றையும் ஒன்றாகப் பிரதி எடுக்க வேண்டும். டிபியை மட்டும் எடுத்துத் திறந்தால் வாலில் இருந்தது கைக்கு வராது.

---

கோடம்பாக்கம்_மேகம்:

சிம் கம்பெனி விஷயம். எஸ்எம்எஸ்ஸின் உள்ளடக்கத்தை அவர்கள் வாடிக்கையாளருக்குத் தருவதில்லை. போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் சென்டரிலிருந்து மெசேஜ் நீங்கிவிடும். நிறுவனம் வைத்திருப்பது யாரிடமிருந்து யாருக்கு, எப்போது என்ற பதிவு மட்டும். 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களின் உரிமத்தைத் திருத்தி, அதை இரண்டு ஆண்டாவது வைத்திருக்கச் சொன்னது. அதுவும் போலீஸ், நீதிமன்றம் முறையாகக் கேட்டால்தான். ஸ்டோரில் போய்ச் சண்டை போட்டுப் பயனில்லை.

ஆனால் அந்தத் தேதியில் அவர் நம்பரிலிருந்து உங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் வந்தது என்று நிரூபிக்க வேண்டிய கட்டம் வந்தால் இந்தப் பதிவு உதவும். இரண்டாண்டு தாண்டுவதற்குள் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.

ப்ளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே (ஆப் நிறுவும் கோப்பு) கொடுத்து 'எஸ்எம்எஸ் மீட்பு' என்று வருவதைப் போடவே போடாதீர்கள். எஸ்எம்எஸ் அனுமதியும், திரையில் உள்ளதைப் படிக்க விடும் அக்சசிபிலிட்டி அனுமதியும் சேர்த்துக் கேட்டால், அதற்கு வேண்டியது உங்கள் ஓடிபி.

---

வாடகைவீடு_72:

எல்லோருக்கும் நன்றி. ஆர்க்கைவ், ஸ்பேம் இரண்டிலும் இல்லை. சாம்சங் தொட்டியும் காலி. சாம்சங் கணக்கே போடவில்லை.

மனைவியின் போனில் டிரைவைத் திறந்து பார்த்தேன். எஸ்எம்எஸ் என்பதற்கு நேரே காட்டும் தேதி, மெசேஜ் அழிந்த நாளுக்கு நான்கு நாள் முன்பு. வீட்டில் வைஃபை இல்லை, மொபைல் டேட்டாதான், அதனால் ஓடாமல் இருந்திருக்கலாம். சாம்சங் இப்போது ஏர்ப்ளேன் மோடில் இருக்கிறது.

இதை எப்படி இறக்குவது? செட்டிங்ஸில் ரீஸ்டோர் என்று எதுவும் காணோம். ரெட்மி ஒன்று சும்மா கிடக்கிறது, ஆண்ட்ராய்டு 12. லேப்டாப்பில் விண்டோஸ் போன் லிங்க் (போன் மெசேஜை லேப்டாப்பில் காட்டும் ஆப்) இணைத்திருந்தேன், அதனால் ஏதாவது பயன் உண்டா?

---

சர்வீஸ்_மேசை:

நல்ல தேதி. அவசரப்படாம செய்யுங்க.

ஆண்ட்ராய்டில் கூகுள் பேக்கப்பை இறக்க ஒரே தருணம்தான் உறுதி: புது போன் அல்லது ரீசெட் ஆன போனை முதல் தடவை செட்டப் பண்ற நேரம். அதனால்தான் செட்டிங்ஸில் பட்டன் இல்லை. அதுக்காக சாம்சங்கை ரீசெட் பண்ணிடாதீங்க! இறங்காம போனா கையில் இருக்கிறதும் போயிடும். இன்னொரு போனில்தான் முயற்சி பண்ணணும்.

ரெட்மியில் இருக்கிற ஆண்ட்ராய்டு 12 ஆகாது. மேல் பதிப்பில் எடுத்த பேக்கப்பைக் கீழ்ப் பதிப்பு போனில் இறக்க முடியாது. 13 அல்லது அதுக்கு மேல் உள்ள போன் யார்கிட்டயாவது வாங்குங்க, அல்லது ரெட்மிக்கு 13 அப்டேட் இருக்கான்னு பாருங்க. கம்பெனி எதுவா இருந்தாலும் பரவாயில்லை.

செய்முறை:

அந்த போனில் உள்ளதை எல்லாம் காப்பி எடுத்துட்டு, பழைய கூகுள் கணக்கை நீக்கிட்டு, ஃபேக்டரி ரீசெட். கணக்கை நீக்காம ரீகவரி வழியா ரீசெட் பண்ணினா பழைய கணக்கோட பாஸ்வேர்டு கேட்டு நிக்கும்.

செட்டப்பில் வைஃபை கேட்கும்போது மனைவி போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுங்க. 'ஆப்ஸ், டேட்டாவை நகலெடுக்கவா'ன்னு வர்ற திரையைத் தாண்டிப் போயிடாதீங்க. பழைய போனோட கேபிள் இணைக்கச் சொல்லும், அது வேண்டாம். கிளவுட் பேக்கப்பைத் தேர்ந்தெடுத்து, உங்க கணக்கைப் போடுங்க. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் இருந்தா இங்கேதான் சிக்கும். சாம்சங் திரையில் வர்ற 'ஆம்' அழுத்த அது ஆன்லைனில் இருக்கணும், நமக்கு அது வேண்டாம். முன்கூட்டியே கூகுள் கணக்கில் பேக்கப் கோடுகளை எடுத்து வெச்சுக்குங்க, எட்டு இலக்க எண்கள், ஒவ்வொண்ணும் ஒரு தடவைதான் செல்லும். சிம்முக்கு ஓடிபி வர்ற மாதிரின்னா சிம்மைக் கழற்றி மனைவி போனில் போடுங்க.

அப்புறம் பேக்கப் பட்டியல் வரும். சாம்சங் பேரும் தேதியும் பார்த்துத் தேர்ந்தெடுங்க. அடுத்து சாம்சங்கோட திரைப்பூட்டு கேட்கும், பின் நம்பரோ பேட்டர்னோ. புது போனோடது இல்லை. பேக்கப் அந்தப் பூட்டால் குறியாக்கம் ஆனது, தெரியலைன்னா கூகுளாலும் திறக்க முடியாது. ஆப்ஸ் டிக்கை எல்லாம் எடுத்துட்டு எஸ்எம்எஸ் மட்டும் வைங்க, சீக்கிரம் முடியும். செட்டப் முடிஞ்ச உடனே இன்பாக்ஸ் காலியா இருந்தா பதறாதீங்க, பின்னணியில் மெதுவா இறங்கும். சார்ஜில் போட்டு விடுங்க.

இந்த போன் தனக்குன்னு தனி பேக்கப் எடுக்கும். சாம்சங் பேரில் உள்ளதை அது மேலெழுதாது, அந்தக் கவலை வேண்டாம். ஆனா 57 நாள் கணக்கு ஒண்ணு இருக்கு. சாம்சங்கைப் பயன்படுத்தாம அத்தனை நாள் போனா பேக்கப்பைக் கூகுள் நீக்கிடலாம். ஏர்ப்ளேனில் போட்டு மறந்துடாதீங்க.

---

பைட்_கணக்கு:

போன் லிங்க் பற்றி: லேப்டாப்பில் அது மெசேஜ்களுக்கு உள்ளூர் நகல் ஒன்று வைத்திருக்கும், அதுவும் எஸ்கியூலைட் கோப்புதான், பெயர் போன்.டிபி. போனுடன் இணைந்தவுடன் அழித்ததை ஒத்திசைத்து அதிலிருந்தும் எடுத்துவிடும். ஆகவே லேப்டாப்பை வைஃபையும் புளூடூத்தும் இல்லாமல் திறந்து, ஆப்பைத் திறப்பதற்கு முன்பே உங்கள் யூசர் அடைவின் ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ் அடைவுக்குள் மைக்ரோசாஃப்ட்.யுவர்போன் என்று தொடங்கும் அடைவை முழுதாக பென்டிரைவில் பிரதி எடுங்கள். அழிந்த பிறகு லேப்டாப் போனுடன் இணையவே இல்லை என்றால் மெசேஜ் அதில் இருக்க வாய்ப்பு உண்டு. அண்மைக் கால உரையாடல்களைத்தான் அது இழுத்து வைக்கும், ஓராண்டுப் பழையது என்றால் எதிர்பார்க்க வேண்டாம்.

கூகுள் மெசேஜஸின் வெப் பதிப்பு அப்படியல்ல. அது போனையே எட்டிப் பார்க்கும் கண்ணாடி, அங்கே தேடிப் பயனில்லை.

---

ஆப்பிள்_தோட்டம்:

திரியில் குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், ஐபோனுக்கு என்ன வழி? அதோடு அம்மாவின் பட்டன் போனில் அழிந்த மெசேஜ்?

---

கோடம்பாக்கம்_மேகம்:

ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் மெசேஜஸ் ஆப்பிலேயே 'ரீசன்ட்லி டெலீட்டட்' இருக்கிறது. உரையாடல் பட்டியலில் மேலே எடிட் அல்லது ஃபில்டர்ஸ் தொட்டால் வரும். 30 நாள் இருக்கும், முழுதாக நீங்க 40 நாள் வரை ஆகலாம் என்கிறது ஆப்பிள். அங்கிருந்தும் போயிருந்தால் கம்ப்யூட்டரில் எடுத்த பழைய பேக்கப், அல்லது மெசேஜஸ் சிங்க் ஆஃபில் இருந்தபோது எடுத்த பழைய ஐகிளவுட் பேக்கப், இவைதான் கதி. ஐகிளவுடில் மெசேஜஸ் சிங்க் ஆன் என்றால் ஒரு கருவியில் அழித்தது எல்லாக் கருவியிலும் அழியும். அப்போது ஐகிளவுட் பேக்கப்பிலும் மெசேஜ் சேராது, பலருக்கு இது தெரிவதில்லை. செட்டிங்ஸில் 'கீப் மெசேஜஸ்' 30 நாள் அல்லது ஓராண்டு என்று வைத்திருந்தால் போனே பழையதை அழித்துக்கொண்டே வரும். அதையும் பாருங்கள்.

பட்டன் போன் வேறு உலகம். மெசேஜ் சிம்மில் சேமித்திருந்தால் நம்பிக்கை உண்டு. சிம்மில் ஒவ்வொரு எஸ்எம்எஸ்ஸும் 176 பைட் கட்டம். அழிக்கும்போது பல போன்கள் முதல் பைட்டை மட்டும் 'காலி' என்று மாற்றிவிட்டு மிச்சத்தை விட்டுவிடும். சிம்மைக் கழற்றி, ஸ்மார்ட் கார்டு ரீடரில் போட்டுக் கட்டங்களை நேராகப் படித்தால் கிடைக்கும். புது மெசேஜ் வந்தால் அந்தக் கட்டம் நிரம்பிவிடும், ஆகவே முதலில் சிம்மைக் கழற்றுங்கள். சிம்மின் பின் நம்பர் தெரியாமல் மூன்று முறை தப்பாக அடித்துப் பூட்டிவிடாதீர்கள்.

---

வழக்காடு:

தொழில்நுட்பம் ஓடட்டும், வழக்குக்கு என்ன வேண்டும் என்று சொல்கிறேன்.

வங்கி வழியாகப் போன பாதிக்கு எஸ்எம்எஸ் தேவையே இல்லை. கிளையில் கேட்டு 1891ஆம் ஆண்டின் வங்கியர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி சான்றளித்த கணக்கு நகல் வாங்குங்கள். மொபைலில் இறக்கிய பிடிஎஃப்பை விட அதற்கு எடை அதிகம். ரொக்கம் கொடுத்த நாளில் உங்கள் கணக்கிலிருந்து அந்தத் தொகை எடுக்கப்பட்டிருந்தால் அந்த வரியும் பேசும்.

மெசேஜ் இன்னொரு போனில் இறங்கினால், ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த போனைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பது பாரதிய சாட்சிய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம். அதன் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் இல்லாமல் அச்சு நகலை நீட்டினால் எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கும். சான்றிதழில் இரண்டு பகுதிகள்: முதலாவது கருவியை வைத்திருப்பவர் தருவது, இரண்டாவது வல்லுநர் தருவது. இரண்டிலும் கோப்பின் ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற ஒரு எண்) குறிக்க வேண்டும். அதனால் மெசேஜ்களை எக்ஸ்எம்எல் கோப்பாக எடுத்து, அதன் ஷா 256 வகை ஹாஷ் மதிப்பை அன்றே குறித்து வையுங்கள். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு பற்றி 2020-இல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், மூலக் கருவியையே உரிமையாளர் கூண்டில் ஏறிக் காட்டினால் சான்றிதழ் வேண்டாம் என்றது. உங்களிடம் இருக்கப்போவது பேக்கப்பிலிருந்து இறக்கிய நகல். சான்றிதழ் வாங்கியே ஆகுங்கள், எந்தப் பேக்கப், எந்தத் தேதி, எந்தப் போனில் இறக்கியது என்பதையும் அதில் மறைக்காமல் எழுதுங்கள். சாம்சங்கையும் விற்றுவிடாதீர்கள், நீதிமன்றம் தடய அறிவியல் துறைக்கு அனுப்பச் சொன்னால் அது வேண்டும்.

பேக்கப் கைகொடுக்காவிட்டால் ஒரு வழி உண்டு. அட்வான்ஸை மறுக்கும் சண்டையைத் தொடராமல், வாடகைக் கணக்கு பேசும் தோரணையில் ஓனருக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள்: 'சார், அட்வான்ஸ் ரூ.1,50,000-இல் கரண்ட் பில்லும் பெயிண்ட் செலவும் கழித்து எவ்வளவு தருவீர்கள்?' தொகையை மறுக்காமல் 'பெயிண்டுக்கு இவ்வளவு பிடிப்பேன்' என்று பதில் வந்தால் பழைய மெசேஜுக்கு ஈடாக ஒன்று கையில் இருக்கும். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு அப்படிப் பதில் வராது, ஆகவே இதை முதலில் செய்யுங்கள்.

---

வாடகைவீடு_72:

ஆண்ட்ராய்டு 14 போன் ஒன்று கிடைக்கிறது. சாம்சங்கின் பின் நம்பரை மெசேஜ் அழிந்த பிறகு மாற்றினேன். பேக்கப் எடுத்தபோது இருந்தது பழைய பின். எதைப் போடுவது?

---

சர்வீஸ்_மேசை:

பழைய பின்னை முதலில் போடுங்க. பேக்கப் ஓடினப்போ போனில் இருந்தது அதுதான். ஏத்துக்கலைன்னா புதுசு. ரெண்டும் ஞாபகம் இருக்கான்னு பேப்பரில் எழுதி வெச்சுட்டு ஆரம்பிங்க, தப்பா அடிக்க வரம்பு இருக்கு. ஊகத்தில் நாலைஞ்சு அடிச்சுப் பார்க்கிற வேலை வேண்டாம். போன் கொடுத்தவர்கிட்ட சான்றிதழ் வேலை முடியுற வரைக்கும் அது உங்ககிட்டயே இருக்கும்னு முன்னாடியே சொல்லிடுங்க.